பெட்டிக்குள் ஒரு தாலாட்டு

எங்கள் ஹாலில் 2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. வீட்டு வீடியோ, பாட்டு, சினிமா எல்லாம் அதில்தான். எந்த அறையிலிருந்தும் பார்க்கலாம். போன மாதம் ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம். "பிராஸஸர், மெமரி எல்லாம் மாத்திடலாம்" என்று இவர் பட்டியல் போட உட்கார்ந்தார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. என் பெண்ணைத் தொட்டிலில் போட்டு அம்மா தாலாட்டுப் பாடிய வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. அம்மா இப்போது இல்லை.

"வேகம் அப்புறம் ஆகட்டும். முதல்ல புது டிஸ்க் ரெண்டு வாங்குங்க. நகல் எடுக்கிறவரை சினிமா கிடையாது" என்றேன். இரண்டையும் உள்ளேயே ஜோடியாக மாட்டலாம் என்றார். தெரியாமல் ஒன்றில் அழித்தால் மற்றதிலும் சேர்ந்தல்லவா அழியும்! ஒன்று பெட்டிக்குள், இன்னொன்று அண்ணா வீட்டு பீரோவில் என்று முடிவாயிற்று.

நகல் எடுக்க ராத்திரி முழுக்க ஆயிற்று. காலையில் காப்பிகூடப் போடாமல் தாலாட்டைத்தான் போட்டுப் பார்த்தேன். பிராஸஸர் தீபாவளிக்கு!