சுவரில் ஒரு மஞ்சள் சாவி

இன்பிளான்ட் டிரெய்னிங் என்றால் நம்மில் பாதிப் பேருக்கு டீ, மீதிப் பேருக்கு சர்டிபிகேட். நானும் அந்த எண்ணத்தில்தான் பல்லாவரத்தில் ஒரு சிறிய லேத் பட்டறைக்குப் போனேன்.

சுவரில் ஒரு பலகை. வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய பிளைவுட் கதவாம். ஸ்பேனர், ஆலன் கீ, சக் கீ என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் மஞ்சள் பெயின்டில் வரைந்து, அதன் மேலேயே சாமானை மாட்டியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னண்ணே, எல்.கே.ஜி. படம் மாதிரி இருக்கு?"

மேஸ்திரி கோபப்படவில்லை. "மஞ்சள் தெரிஞ்சா சாமான் வெளியே இருக்குன்னு அர்த்தம். அவ்ளோதான் தம்பி" என்றார்.

டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ வளர்த்த முறையும் கண்ணை நம்பியதுதான். அங்கே கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் தலைக்கு மேல் விளக்கு எரியும். கான்பான் அட்டை வந்தால்தான் அடுத்த பாகம் செய்வார்கள். ஜப்பான் வரை போவானேன்? நம் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவிலேயே முதல்! இதெல்லாம் எனக்கு இரண்டு மார்க் கேள்வியாகத்தான் தெரியும்.

பத்தாவது நாள். ஜாபைச் சக்கில் இறுக்கிக்கொண்டிருந்தேன். டீ வந்தது. சக் கீயை அப்படியே சக்கில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். (சிரிக்காதீர்கள். ஒர்க்‌ஷாப் சார் முதல் நாளே திட்டிச் சொன்ன பாடம்தான்.) பக்கத்து மெஷின் அண்ணன் என் லேத்தை ஓட்ட வந்தார். சாவி சக்கின் பின்பக்கம் இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. லீவரில் கை வைத்தவர், பழக்கதோஷத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

சக் கீ இடத்தில் மஞ்சள்!

கையை எடுத்துவிட்டார். லேத் ஓடியிருந்தால் அந்த இரும்பு எந்தப் பக்கம் பறந்திருக்கும் என்று யார் சொல்வது? அன்று காலைதான் மகளுக்கு வாங்கிய நோட்டுகளை எங்களுக்குக் காட்டியிருந்தார்.

எனக்குக் கை நடுங்கியது. "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"நான் உன்னை நம்பி நிக்கலப்பா, போர்டை நம்பி நிக்கிறேன். போய்ச் சாவியை மாட்டு."

அவர் அதட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து நம் ஒர்க்‌ஷாப் சுவரிலும் ஒரு பலகை மாட்டினோம். பெயின்ட் செலவு எங்களுடையது. இதை எழுதும்போது அதில் பதினான்காம் நம்பர் ஸ்பேனர் இடம் மஞ்சளாக இருக்கிறது. எடுத்த புண்ணியவான் யாரப்பா?