நண்டுக்கு வேலி, நீருக்கு?

நெல்லூர் மாவட்டக் கடலோரம். கண்டலேறு உப்பங்கழியை ஒட்டி வரிசையாக இறால் குட்டைகள். கவனமான பண்ணைக்காரர்கள் கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை கட்டியிருக்கிறார்கள். மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. வலை, வைரஸைச் சுமந்து வரும் நண்டுக்கு. கயிறு, ஒரு குட்டையில் கொத்திய நோயாளி இறாலை அடுத்த குட்டையில் தவறவிடும் பறவைக்கு.

1994-95ல் வெள்ளைப்புள்ளி நோய் ஆந்திரக் கடலோரத்தில் புகுந்தபோது, வரி இறால் குட்டைகள் சில நாட்களில் காலியாயின. மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2009ல் அனுமதி பெற்ற பசிபிக் கடல் இறாலான வன்னாமியையும் இந்த நோய் விடுவதில்லை. எனவேதான் வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனியே வைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன.

விமானத்தில் வரும் இறாலுக்கு இத்தனை காவல். கழிக்கு? நோய் கண்ட குட்டையின் நீரை வெளியே விடாமல் அடைத்து, குளோரின் கலந்து கிருமியைக் கொல்ல வேண்டும். அதற்குச் செலவாகும். மதகைத் திறப்பதற்குச் செலவே இல்லை. திறந்துவிட்ட நீரைத்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் மோட்டார் வைத்து இறைக்கிறார். அடுத்த பருவத்தில், திறந்தவரும் அதே கழியில்தான் இறைத்தாக வேண்டும்.