இறங்குதல்

விழுப்புரத்தில் இரயிலேறித் திண்டிவனத்தில் இறங்குவோர் ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ என்பதைக் கேட்டுக் கற்றோர் சிலர் நகைக்கக் கண்டுள்ளோம். வண்டியை விட்டு நீங்குதலை ஆங்கிலேயர் ‘கெட் ஆஃப்’ என்பர். ஏணியினின்று கீழே வருதல், குனிதல், கேட்டதை எழுதிக்கொள்ளுதல், மனஞ்சோரச் செய்தல் ஆகியவற்றிற்கே அவர்க்குக் ‘கெட் டவுன்’ பெரிதும் பயன்படும்.

தமிழிலோ மரத்தினின்று கீழே வருதலும் வண்டியை விட்டு நீங்குதலும் ‘இறங்குதல்’ என்னும் ஒரே வினையுள் அடங்கும். ஆதலின், நம்மவர் கூற்று வெறும் அறியாமையன்று. ஆங்கிலச் சொல்லில் தமிழ் வினை குடிபுகுந்ததேயாம்.

மேலும், ஒரு வேலையில் முனைதலை ஆங்கிலேயர் ‘கெட் டவுன் டு’ என்பர். நாமும் ‘காரியத்தில் இறங்குதல்’ என்கிறோம். அவ்விடத்து இருமொழியும் ஒருங்கே இறங்குகின்றன!

தேர்வுத்தாளில் ‘கெட் ஆஃப்’ என்றே எழுதுவோம். ஆயினும், தாய்மொழியின் சாயலோடு பேசும் நம் ஊராரை எள்ளற்க. பிழையின் காரணத்தை ஆராய்தலன்றோ மொழி பயில்வார்க்கு அழகு?