மத்தியானக் கச்சேரி

மார்கழியில் மயிலாப்பூருக்கு வரும் வெளியூர் அன்பர்கள் கபாலீசுவரரைத் தரிசித்து, மாட வீதிகளைச் சுற்றி, லஸ் முனையில் காப்பி அருந்திவிட்டு, மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலைவது வழக்கம். நாம் சொல்வது வேறு. மத்தியானமே சபைக்குப் புறப்படுங்கள்.

1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு வருஷம் பிறந்தது ம்யூசிக் அகாடமி. அங்கே போனாலும் சரி, தியாகராய நகர் வாணி மஹாலுக்குப் போனாலும் சரி, பகல் வேளையில் மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் இளம்பிள்ளைகளே. பல சபைகளில் அந்தக் கச்சேரிகளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆயினும் நாற்காலிகளில் பாதி காலி. காண்டீனில் மட்டும் இடம் கிடைப்பதில்லை!

இதே சென்னைப் பட்டணத்துப் பிள்ளை ஒருவனை உலகமே கண் கொட்டாமல் பார்த்ததும் உண்டு. 2019 மார்ச்சு மாதம், அமெரிக்காவின் ஸி.பி.எஸ். டெலிவிஷன் நடத்திய 'உலகின் தலைசிறந்தவர்' போட்டியில், பதின்மூன்று வயது லிடியன் நாதஸ்வரம் பல தேசத்துக் கலைஞர்களையும் வென்று பத்து லக்ஷம் டாலர் பரிசு பெற்றான். ரஷ்ய சங்கீத கர்த்தா ரிம்ஸ்கி-கோர்சகோவ் வண்டின் ரீங்காரமாய் அமைத்த உருப்படியை முதலில் நிமிஷத்துக்கு 208 தட்டு வேகத்திலும், பிறகு 325 தட்டு வேகத்திலும் பியானோவில் வாசித்துக் காட்டினான். நடுவர்கள் திகைத்துப் போனார்கள். நாமும் பூரித்தோம், அந்த விரல்களுக்குப் பின்னால் எத்தனை நாள் சாதகம் இருந்திருக்கும்!

ஆனால் டெலிவிஷன் தருவது சில நிமிஷங்களே. அதற்குள் கண்ணுக்குத் தெரியக்கூடியது வேகம். விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனத்தை எடுத்து, தட்டுக்குத் தட்டு உள்ள நீண்ட இடைவெளியில் தாளம் வழுவாமல் நிற்பது வேகத்தைவிடக் கடினம் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். தோடியை அரை மணி விஸ்தாரம் செய்யும் பெண்ணை எந்தப் போட்டியில் நிறுத்துவது? எத்தனை மார்க்குப் போடுவது? பரிசுக்குரியதையே பிள்ளைகளுக்குப் பழக்கலாம் என்று பெற்றோர் எண்ணத் தொடங்கினால், அந்தத் தோடி என்ன ஆகும் என்பதுதான் நமது கவலை.

ஆகையால், அன்பர்களே, மத்தியானக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காண்டீனுக்கு நடக்கும் நமது புராதன வழக்கத்தை ஒரு நாள் ஒத்தி வையுங்கள். மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைக்கு வயது பதினாறுதான் இருக்கும்.