மோதெனாவை விட்டுப் போகாத கார்கள்

இத்தாலியின் மரனெல்லோவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் புதுக் கார் பார்க்கத்தான் போகிறார்கள். ஃபெராரி தொழிற்சாலை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், எதிரே உள்ள கவல்லினோ உணவகத்தை எட்டிப் பார்க்கிறார்கள், வாடகைக்குக் கிடைக்கும் சிவப்புக் காரில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் போனது பழைய கார்களின் கதைக்காக. முக்கியமாக ஒரே ஒரு காருக்காக: ஃபெராரி 250 ஜி.டி.ஓ.

1962 முதல் 1964 வரை அந்தக் கார் மொத்தமே 36தான் செய்யப்பட்டது. மூன்று லிட்டர் என்ஜின், பன்னிரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 300 குதிரைத்திறன். வடிவமைப்பைத் தொடங்கியவர் ஜியோத்தோ பிட்ஸரினி. 1961 கடைசியில் நிறுவனர் என்ஸோ ஃபெராரியோடு ஏற்பட்ட சண்டையில் மூத்த அதிகாரிகள் பலர் கூண்டோடு வெளியேறியபோது அவரும் போய்விட்டார். மிச்ச வேலையை முடித்தவர் மௌரோ ஃபோர்கியெரி. அப்போது அவருக்கு வயது 26. பந்தய விதிப்படி ஒரு மாடலில் 100 கார்கள் செய்திருக்க வேண்டும். இது எங்கள் பழைய 250 ஜி.டி. காரின் திருத்திய வடிவம்தான் என்று வாதாடி அனுமதி வாங்கிவிட்டார்கள். அந்தச் சாமர்த்தியம் இல்லாவிட்டால் இந்தக் கார் பிறந்தே இருக்காது.

அமெரிக்காவில் அன்று இதன் புது விலை சுமார் 18,000 டாலர். 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஒரு ஜி.டி.ஓ. 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் சுமார் 340 கோடி ரூபாய். 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம் டாலரைத் தொட்டது.

நடுவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த எண்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. பந்தயக் களத்தில் அடுத்த மாடல் வந்தவுடன் ஜி.டி.ஓ. வெறும் பழைய காராகிவிட்டது. டெக்சஸில் ஒன்றை, மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று பள்ளிக்கூடத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்கள். 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்தபோது சந்தை பித்துப் பிடித்தாற்போல் ஏறியது. அடுத்த ஆண்டே ஜி.டி.ஓ. ஒரு கோடி டாலரைத் தாண்டியது. பிறகு வாங்கிக் குவித்த ஜப்பானியரிடம் பணம் வற்றியதும் அதே வேகத்தில் சரிந்தது. கடன் வாங்கிக் கார் சேர்த்தவர்கள் அந்தச் சில ஆண்டுகளில் நொந்துபோனார்கள். முதலீடு என்று இதில் இறங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது 1990-க்குப் பின் வந்த அந்தச் சரிவைத்தான்.

36 என்ற எண்ணை வைத்து, அரிதானது, அதனால் இந்த விலை என்று முடித்துவிட முடியாது. அதைவிடக் குறைவாகச் செய்யப்பட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் போகாத இத்தாலியக் கார்கள் எத்தனையோ உண்டு. ஜி.டி.ஓ. ஜெயித்த கார். 1962, 1963, 1964 மூன்று ஆண்டும் அதன் பிரிவில் பட்டம் அதற்குத்தான். சாலையிலும் ஓட்டலாம், அதே காரைப் பந்தயத்திலும் இறக்கலாம். பந்தய வரலாறு விலையை ஏற்றும் என்பதற்கு மில்லே மில்யாவும் சாட்சி. பிரெஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் அந்தப் பந்தயம் 1927-ல் தொடங்கி 1957-ல் நின்றது. 1977 முதல் பழைய கார்களின் ஓட்டமாக நடக்கிறது. அந்த முப்பது ஆண்டுப் பந்தயங்களில் கலந்துகொண்ட மாடல்களுக்கே அதில் இடம். அந்தத் தகுதி இருந்தாலே ஒரு காரின் விலை ஒரு படி ஏறிவிடும்.

விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் இன்னொன்று: காகிதம். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், கியர்பெட்டி நம்பர் எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது, எங்கே மோதியது, எந்த வருடம் எந்தப் பட்டறையில் என்ன மாற்றினார்கள் என்பதற்கெல்லாம் சான்று வேண்டும். மரனெல்லோவிலேயே ஃபெராரி 2006-ல் கிளாசிக்கே என்று ஒரு பிரிவைத் தொடங்கி, பழைய கார்களைப் பிரித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. அசல் என்ஜின் போய் வேறு என்ஜின் ஏறியிருந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் மதிப்பு இறங்கிவிடும். 2019-ல் பொலோன்யா நீதிமன்றம் இன்னொரு படி மேலே போய், ஜி.டி.ஓ.வின் வடிவத்தை ஒரு கலைப்படைப்பாகவே ஏற்று, மரனெல்லோவுக்கு அருகிலுள்ள மோதெனா நகரில் ஒரு நிறுவனம் நகல் செய்வதற்குத் தடை போட்டது.

அந்தத் தீர்ப்பு எனக்கு வியப்பாக இல்லை. ஜி.டி.ஓ.வின் உடல் பிறந்தது மோதெனாவில் செர்ஜோ ஸ்காலியெத்தியின் பட்டறையில். அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைப்பார்கள். வரைபடம் பெயருக்குத்தான், அளவுகோல் கண்தான். நம் ஊரில் டிங்கரிங் வேலை பார்ப்பவர் எவரும் இந்தக் கார்களின் அருகே நின்றால் உடனே புரிந்துகொள்வார்: இடது மட்கார்டின் வளைவும் வலதின் வளைவும் அச்சு வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு காருக்குப் பொருத்திய கதவு இன்னொரு காருக்கு அப்படியே உட்காராது. ஏலக்காரர்கள் இதைப் பட்டியலில் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்தக் கைவேலைக்குத்தான் சேர வேண்டும். ஸ்காலியெத்தி 2011 வரை வாழ்ந்தார்; தாம் தட்டி எடுத்த தகடு கோடிகளுக்குப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மோதெனா நகருக்குள் என்ஸோ பிறந்த வீட்டை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கார் பானெட்டைப் போல வளைந்த மஞ்சள் கூரை. 2012-ல் திறந்தது. அழகான கட்டடம், அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. என் மனம் நின்றது ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில்.

பண்ணையின் பெயர் ஓம்ப்ரே. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி செய்கிறார்கள். வாசலில் வைக்கோலும் சாணமும் கலந்த வாசனை. தொழுவத்தைத் தாண்டிப் போனால் இரும்புத் தூண்கள் நிற்கும் ஒரு கூடம். உள்ளே வரிசையாக மஸராட்டி கார்கள். உம்பர்த்தோ பனினியின் சேகரிப்பு அது. கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பங்களால் உலகம் அறிந்த அதே பனினி குடும்பம்.

இந்தக் கார்கள் ஒரு காலத்தில் மஸராட்டி நிறுவனத்திடமே இருந்தவை. நிறுவனம் ஃபியட் கைக்குப் போனபோது இவை மட்டும் பழைய முதலாளி அலெஹாந்த்ரோ தெ தொமாஸோவிடம் தங்கிவிட்டன. 1996-ல் லண்டனில் ஏலம் போட ஏற்பாடு ஆனது. நாட்டுக்கு ஒன்றாகச் சிதறப்போகின்றன என்று மோதெனா பதறியது. அப்போது பனினி குடும்பம் முன்வந்து மொத்தத்தையும் ஏலத்துக்கு முன்பே வாங்கி ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. கார் சேகரிப்பு என்றாலே எனக்கு இனி நினைவுக்கு வருவது இந்தக் கொள்முதல்தான். வாங்கிய காரைக் காற்றுப் புகாத கிடங்கில் பூட்டி விலை ஏறும்வரை காத்திருப்பவரும் சேகரிப்பாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடந்து வந்து பார்க்கும்படி ஒரு காரை வைத்திருப்பவர்மேல் எனக்கு மரியாதை கூடுதல்.

அந்தக் கூடத்தில் நான் அதிக நேரம் நின்றது இரண்டு கார்களின் முன். ஒன்று 1958-ல் மோன்ஸா பந்தயத்துக்கென்றே செய்த எல்டொராடோ. ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியின் பணத்தில் செய்ததால் உடம்பெல்லாம் வெள்ளை. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், மூக்கில் சிரிக்கும் ஒரு கௌபாய் முகம். இதை ஓட்டியவர் ஸ்டெர்லிங் மாஸ். பந்தயத்தின் நடுவே ஸ்டியரிங் உடைந்து, அசுர வேகத்தில் தடுப்பில் மோதியும் உயிர் தப்பினார். வண்டியைச் சுற்றி வந்து அதன் முன்சக்கரங்களைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

மற்றது ஏ6ஜி.சி.எஸ். பெர்லினெத்தா. பினின்ஃபரினா உடல் கட்டிய இந்த வகை உலகத்திலேயே நான்குதான். பினின்ஃபரினா அப்போது ஃபெராரியின் ஆள். மஸராட்டிக்கு நேராக வேலை செய்ய முடியாத நிலை. ரோமில் மஸராட்டி விற்றுவந்த குலியெல்மோ தெய் தாமே சேஸிஸ்களை வாங்கிக்கொண்டுபோய்ப் பினின்ஃபரினாவிடம் கொடுத்துக் கட்டவைத்தார். நீண்ட பானெட், பின்னால் தள்ளிய சிறிய அறை, முகப்பில் திரிசூலம். இடுப்பு உயரத்தைச் சற்றே தாண்டும் கூரை. நான் பார்த்த கார்களிலேயே அழகானது இதுதான், ஜி.டி.ஓ.வைவிடவும்.

பண்ணையைப் பார்க்க முன்பதிவு வேண்டும். குளிர்காலத்தில் மூடியிருக்க வாய்ப்புண்டு என்பதால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. மரனெல்லோவுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் இந்தப் பண்ணைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.