ஹாவர்த் மேட்டில் ஒரு குருமனை

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில், கல் பாவிய செங்குத்தான தெருவொன்றில் நாம் ஏறிச் செல்கிறோம். உச்சியில் கோவில், அடுத்துக் கல்லறைத் தோட்டம், அதற்கும் அப்பால் குருமனை. பின்புறமோ காற்று ஓயாத மேட்டுவெளி. இதுவே ஹாவர்த்.

1820-இல் ஆங்கிலிக்கன் குருவான பேட்ரிக் பிரான்டே இங்குக் குடியேறினார். மறு ஆண்டே மனைவியை இழந்தார். 1825-இல் மூத்த பெண்மக்கள் இருவர், விடுதிப் பள்ளியில் நோயுற்று இல்லம் திரும்பி இறந்தனர். எஞ்சிய சார்லட், எமிலி, ஆன் மூவரும் இரவில் உணவறை மேசையைச் சுற்றி நடந்தவாறே தம் கதைகளை ஆராய்வர். 1928 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வில்லத்தில் அம்மேசையைக் காண்கிறோம்.

பெண்கள் எழுதியவை என்றால் நடுநிலையோடு மதிப்பிடமாட்டார்கள் என்று அஞ்சி, 'பெல்' என்னும் புனைபெயரில் மறைந்துகொண்டனர். 1847-இல் 'ஜேன் ஐர்', 'வதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' வெளிவந்தன. அழகும் செல்வமும் அற்ற ஆசிரியையொருத்தி, அன்புக்காக ஏங்கியும் மனச்சான்றை விற்க மறுப்பதே ஜேன் ஐரின் கதை. அதில் வரும் கொடிய பள்ளி, சகோதரியரைப் பறிகொடுத்த சார்லட்டின் நெஞ்சப் புண்.

1850-ஆம் ஆண்டுச் சுகாதார அறிக்கையின்படி, இவ்வூரில் இறந்தோரின் சராசரி வயது 26-ஐக்கூட எட்டவில்லை. குருமனையும் தப்பவில்லை. 1848 செப்டம்பர் முதல் ஒன்பது மாதங்களுக்குள் மகன் பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் மறைந்தனர். எழுதிய மேசையைச் சுற்றிச் சார்லட் தனியே நடந்தார். 1855-இல் அவரும் கண்மூடினார். அறுவரையும் இழந்த தந்தை 1861 வரை வாழ்ந்தார்.

சன்னலுக்கு வெளியே கல்லறைகள். உள்ளே அச்சிறு மேசை. எது நிலைத்தது என்பதை நாம் நின்று பார்க்கிறோம்.