கொட்டாம்பட்டி போய்த் திரும்பும் கார்

மதுரையை விட்டு வடக்கே திருச்சிச் சாலையில் புறப்படுகிறவர்களுக்கு முதலில் வழித்துணையாக வருவது யானைமலை. படுத்திருக்கும் யானையை அச்சில் வார்த்தாற்போன்ற அந்தப் பாறை, ஒத்தக்கடையைத் தாண்டியும் வெகுதூரம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் மேலூர். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலை கடந்து இந்தப் பக்கத்து வயல்களுக்கும் வருகிறது. மேலூர் போனபின் வயல் குறைந்து கரடும் பாறையும் தலைகாட்டும். கருங்காலக்குடிக் குன்றில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. பிறகு தென்னந்தோப்புகள். அவை வந்துவிட்டால் கொட்டாம்பட்டியும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மதுரையிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மேற்கே நத்தத்துக்கு ஒரு சாலை, கிழக்கே சிங்கம்புணரி வழியாகத் திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம் ஒரு சாலை, நடுவே சென்னைக்குப் போகும் ராஜபாட்டை. இப்படி நாலு திக்கும் கூடுகிற ஊரில், நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது நடக்கிற ஒரு பெரிய விவாதத்துக்கு விடை கிடைக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? ‘டிக்கி வைத்த கார் வாங்கலாம், சரி, பெட்ரோல் காரா, மின்சாரக் காரா?’ என்பதுதான் அந்த விவாதம்.

டீக்கடை வாசலில் நின்றபோது பக்கத்துப் பெஞ்சியில் இரண்டு பெண்மணிகள் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மதினி, அண்ணன் பெட்ரோல் கார்தான் வேணும்கிறாகளாமே?”

“ஆமாம்மா. நடுரோட்டிலே சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா நீயா தள்ளுவேன்னு கேக்குறாக.”

“பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டிலே நின்னப்போ தள்ளினது யாருன்னு நீங்க திருப்பிக் கேக்கலையா?”

மதினி சிரித்துவிட்டார். ஆனால் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே உடல், இரண்டு உயிர் என்பதுபோல் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் வந்த கார் டாடா டிகோர். 2022-இல் வந்த அதன் மின்சாரக் காரில் 26 யூனிட் பிடிக்கும் பாட்டரி. சோதனையில் 315 கிலோமீட்டர் ஓடியது என்பது கம்பெனிக் கணக்கு. ஏ.ஸி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, நாற்கரச் சாலையில் போகிறவர்கள் 200 என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பெட்ரோல் காரில் 35 லிட்டர் டாங்கி. லிட்டருக்கு 17 என்றாலும் ஒரு மூச்சில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஓடிவிடும்.

ஆகவே மதுரையில் இருக்கும் மின்சாரக் காருக்கு ஒரு லக்ஷ்மணன் கோடு உண்டு. போக 100, வர 100. கொட்டாம்பட்டி அந்தக் கோட்டுக்குள் சௌகரியமாக அடங்குகிறது. போய்த் திரும்ப 90 கிலோமீட்டர்தான். பாட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். மயில்களும் முருகனும் குடியிருக்கும் விராலிமலை வரை போனால் கோடு வந்துவிடும். திருச்சி கோட்டுக்கு அப்பால். அங்கே காருக்கும் சாப்பாடு போட்டுத்தான் திரும்ப வேண்டும். சென்னைக்கு 460 கிலோமீட்டர் என்றால் வழியில் இரண்டு தடவையாவது சார்ஜ் போட்டாக வேண்டும். வேக சார்ஜர் கிடைத்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் கழியும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி வரமா, சாபமா என்பது குழந்தையைப் பொறுத்தது!

இந்தக் கவலை புதிதல்ல. 1888-இல் ஜெர்மனியில், கார்ல் பென்ஸின் மனைவி ஸ்ரீமதி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே அவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர்; நம் கொட்டாம்பட்டி போய்த் திரும்புகிற தூரந்தான். பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்தில் இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். முதல் நெடும் பயணத்தைச் செய்தவர் ஒரு ஸ்திரீ, அதுவும் தாய்வீட்டுக்கு!

இன்னொரு வேடிக்கை. பெட்ரோல் கார்களை லட்சக்கணக்கில் விற்ற ஹென்றி போர்டின் மனைவி கிளாரா அம்மையார் வைத்திருந்தது 1914-ஆம் வருஷத்து மின்சாரக் கார். கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்புகிற தொல்லை அதில் இல்லை. ஆனால் பொத்தானை அமுக்கினால் கிளம்பும் பெட்ரோல் கார் 1912-இலேயே வந்துவிட்டதால், மின்சாரக் கார்கள் மெள்ள மெள்ள மறைந்தன.

நம் மதுரைக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. 1912-இல் இங்கே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார், இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தார். எதைக் குடித்து வண்டி ஓடுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது மாறாது.

இனிச் செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வீட்டு மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கொட்டாம்பட்டி போய்த் திரும்பப் பெட்ரோலுக்கு 530 ரூபாய். மின்சாரத்துக்கு சுமார் 120. வித்தியாசம் கண்ணைப் பறிக்கிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். 2019 ஆகஸ்டு முதல் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான் என்றாலும், பாட்டரியின் விலையால் வாங்கும் விலை கூடுதல். அந்தக் கூடுதல் 4 லட்சம் என்றால், அதை மிச்சம் பிடிக்க சுமார் 90,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிற வீட்டில் ஆறு வருஷத்தில் கை சேரும். வாரத்துக்கு ஒரு தடவை கொட்டாம்பட்டிக்கு மட்டும் போகிற வீட்டில் பத்தொன்பது வருஷம் ஆகும்! டிகோர் பாட்டரிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதமோ எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்.

நகரத்துக்குள் மின்சாரக் காருக்குத்தான் யோகம். சிக்னலில் நின்றால் செலவில்லை; பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் டிக்கியை மறக்கக் கூடாது. பெட்ரோல் டிகோரில் 419 லிட்டர் இடம். மின்சார டிகோரில் 316. கொட்டாம்பட்டித் தேங்காய் மூட்டையும் நத்தத்து மாம்பழக் கூடையும் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரவில் கார் எங்கே தூங்குகிறது என்பது. சொந்த வாசலில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் இருந்தால், விடிவதற்குள் பாட்டரி நிரம்பிவிடும். மூன்றாம் மாடி பிளாட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் தொங்கவிட முடியாது. கீழே தனி மீட்டருக்கு இடம் உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். பொதுச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் ஆனால், மேலே சொன்ன மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. ஆனாலும் நம் பிளக்கில் வருவதில் நிலக்கரி மின்சாரமும் கலந்தே இருக்கிறது. புகை அடியோடு ஒழியாது. நம் தெருவிலும் குழந்தைகளின் மூக்கிலும் நிச்சயம் குறையும்.

நகை வாங்கும்போது கல்லை நீக்கித் தங்கத்தை நிறுக்கச் சொல்கிறோம். காருக்கும் அதையே செய்யலாம். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று மாதம் குடும்பத்தின் போக்குவரத்தை எழுதி வையுங்கள். தினசரி ஓட்டம் அதிகம், வாசலில் பிளக் உண்டு, தாய்வீடு கொட்டாம்பட்டித் தூரத்தில் இருக்கிறது என்றால் மின்சாரக் கார் உங்களுக்காகவே வந்தது. வயதான அம்மாவைப் பார்த்துவர 120 ரூபாய்தான் என்றால், மாதம் ஒரு தடவை போகிறவள் நாலு தடவை போவாள். அந்த லாபத்துக்கு எந்த நோட்டிலும் பத்தி கிடையாது. ஆனால் இரவில் 100 கிலோமீட்டராவது ஓடும் அளவு சார்ஜை மிச்சம் வையுங்கள். நள்ளிரவில் போன் மணி அடிக்கலாம். ஓட்டம் குறைவு, கார் நிற்பது தெருவில், பயணம் எல்லாம் சென்னைக்கு என்றால், கூச்சப்படாமல் பெட்ரோல் காரையே வாங்குங்கள். எதை வாங்கினாலும், சாவி உங்கள் கையிலும் இருக்கட்டும்!